நடைபாதை, சைக்கிள் வழி, பூங்கா: டர்பனில் கேட்டு வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரேபேங்க், இசிப்பிங்கோ, வெருலம், டோங்காட் எனத் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் ஊர்களுக்கெல்லாம் எத்தெக்வினி மாநகராட்சிதான் பொறுப்பு. பள்ளி வாசலில் நடைபாதை இல்லை, ஆஸ்பத்திரி எதிரே சாலையைக் கடக்க முடியவில்லை, பிள்ளைகள் விளையாடும் மைதானத்தை யாரோ வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள் என்று வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். சட்டங்கள் நாடு முழுவதற்கும் பொது. அதனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ லெனேசியாவிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஓர் இடத்திலிருந்து. "எங்கள் பகுதிக்கு நல்ல நடைபாதைகள் வேண்டும்" என்ற கடிதத்தை எந்தப் பொறியாளரிடமும் ஒப்படைக்க முடியாது. எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று அதில் இல்லை. அது கோப்பில் போய்ப் படுத்துவிடும். வேலைக்காகும் கடிதம் இப்படி இருக்கும்:

"இன்ன தெருவின் இடது பக்கம், தொடக்கப்பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை 180 மீட்டருக்கு நடைபாதை இல்லை. காலை 6:45 முதல் 7:45 வரை 212 பிள்ளைகள் தார்ச்சாலையிலேயே நடக்கிறார்கள். சாலை ஓரத்தில் 2.4 மீட்டர் மண் தரை இருக்கிறது. நடுவில் இரண்டு விளக்குக் கம்பங்களும் ஒரு மழைநீர் வாய்க்கால் வாயும் உள்ளன. 1.8 மீட்டர் அகலத்தில் நடைபாதை கேட்கிறோம். படங்களும் வரைபடமும் இணைப்பில்."

எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தெருவுக்கு நீங்களே அளந்து போட வேண்டும். இப்படிக் கேட்டால் அதிகாரி மறுப்பதற்கும் காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணம் கையில் கிடைத்தாலே அடுத்த படி தெரிந்துவிடும்.

சாலை யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதிக் கடிதங்கள் தவறான வாசலைத் தட்டித்தான் வீணாகின்றன. அரசியலமைப்பின் 5ஆம் அட்டவணை, பகுதி பி-யின்படி உள்ளூர்ச் சாலைகள், பூங்காக்கள், தெருவிளக்கு, போக்குவரத்து, வாகன நிறுத்தம் எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. என்2, என்3 நெடுஞ்சாலைகள் தேசியச் சாலை நிறுவனமான சான்ராலுக்கு உரியவை. சில பெரிய சாலைகள் மாகாணப் போக்குவரத்துத் துறையிடம் இருக்கும்.

ரயில் நிலையத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையும் தண்டவாளத்துக்கு மேலான நடைபாலமும்தான் தொல்லை பிடித்தவை. சாட்ஸ்வர்த் ரயில் பாதையோரம் பார்த்தால், பாலத்தின் படிக்கட்டு ஒருவரிடம், படி இறங்கியதும் வரும் தெரு இன்னொருவரிடம் என்று இருக்கும். ரயில்வே நிலம் பயணிகள் ரயிலை நடத்தும் பிரசா நிறுவனத்தின் பொறுப்பு. இரு தரப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, யார் யாருக்கு அனுப்பினோம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். "அது அவர்கள் வேலை" என்று கை காட்டுவது அப்போது கடினம்.

பணம் எப்போது ஒதுக்கப்படுகிறது? எந்த மாதத்தில் கேட்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2003ஆம் ஆண்டின் 56ஆம் எண் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் அந்த ஆண்டைச் சுற்றி ஒரு நாட்காட்டியையே போட்டு வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் முடிவதற்குள், அதாவது நிதியாண்டு தொடங்க 10 மாதம் இருக்கும்போதே, அடுத்த பட்ஜெட்டுக்கான கால அட்டவணை மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். உங்கள் கோரிக்கை துறையின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டிய காலம் இதையடுத்த செப்டம்பர், அக்டோபர். அப்போதுதான் பொறியாளர்கள் தங்கள் பட்டியலைத் தயாரிப்பார்கள்.

நிதியாண்டுக்கு 90 நாள் முன்னதாக, அதாவது மார்ச் கடைசிக்குள், வரைவு பட்ஜெட் தாக்கலாகும். உடனே அது வெளியிடப்பட்டு மக்கள் கருத்து கேட்கப்படும். ஏப்ரல், மே மாதக் கூட்டங்களுக்கு நம் ஆட்கள் திரளாகப் போவதைப் பார்க்கலாம். போக வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்றை அங்கே புதிதாக நுழைப்பது அபூர்வம். ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிவிடாமல் காப்பதற்கும், மூன்றாண்டு பட்ஜெட்டின் மூன்றாம் ஆண்டில் போட்டதை முதலாம் ஆண்டுக்கு இழுப்பதற்கும்தான் அந்தக் கூட்டம் பயன்படும். மே இறுதிக்குள் மன்றம் பட்ஜெட்டை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ளும். ஒப்புதலான 28 நாளில் மேயர் செயலாக்கத் திட்டத்துக்குக் கையெழுத்திட வேண்டும். எந்த வேலை எந்த வார்டில் என்பதை அதில் தேடிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத சன்னல் ஒன்று ஜனவரியில் திறக்கும். ஜனவரி 25க்குள் அரையாண்டுக் கணக்குப் பார்த்தாக வேண்டும். பிப்ரவரி 28க்குள் திருத்த பட்ஜெட் வரலாம். ஏதாவது ஒரு பெரிய வேலை டெண்டர் தகராறில் மாட்டியிருந்தால் அதன் பணம் செலவாகாமல் கிடக்கும். ஜூன் முடிவதற்குள் செலவழிக்கக்கூடிய சின்ன வேலை கையில் தயாராக இருந்தால் அதிகாரிக்கே அது நிம்மதி. 180 மீட்டர் நடைபாதை அப்படிப்பட்ட வேலைதான். டிசம்பர் தொடக்கத்திலேயே துறைக்கு நினைவூட்டுங்கள். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஆள் இருக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. ஐடிபி என்பார்கள். 2000ஆம் ஆண்டின் 32ஆம் எண் நகராட்சி அமைப்புமுறைச் சட்டப்படி ஒவ்வொரு புதிய மன்றமும் இதை வகுக்க வேண்டும். ஆண்டுதோறும் மறுஆய்வும் உண்டு. ஐடிபியில் ஒரு வரிகூட இல்லாத திட்டத்துக்குப் பணம் வராது.

பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டுவரி ஒரு பகுதிதான். மெட்ரோ எனப்படும் பெருநகர மாநகராட்சிகளுக்கு மத்திய அரசின் நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு மானியமும் பொதுப் போக்குவரத்து வலைப்பின்னல் மானியமும் உண்டு. பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும் வழி என்று உங்கள் கோரிக்கையைக் காட்ட முடிந்தால் இரண்டாவது மானியத்தைப் பற்றிக் கேட்கலாம். புல்வெட்டு, பாதைத் துப்புரவு போன்ற ஆள்பலம் தேவைப்படும் வேலைகளுக்கு விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டம் பொருந்தும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகளும் பாலங்களும் அடித்துப் போயின. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பழுதுபார்ப்பு மற்றதையெல்லாம் பின்னுக்குத் தள்ளும். அப்போது உடைந்த பாதையைத் திரும்பப் போடும்போதே அகலமாகப் போடச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். தனி வேலையாகக் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கவுன்சிலர் பதிலே சொல்லவில்லை. என்ன செய்வது?

முதலில் வார்டு குழு. 1998ஆம் ஆண்டின் 117ஆம் எண் நகராட்சிக் கட்டமைப்புச் சட்டப்படி வார்டு கவுன்சிலர் தலைமையில் 10 பேர் வரை அதில் இருக்கலாம். போக்குவரத்தையோ பூங்காவையோ யார் பார்க்கிறார் என்று கேட்டு அவரிடம் கொடுங்கள். 2021 தேர்தலின்படி எத்தெக்வினியில் 111 வார்டு கவுன்சிலர்கள் போக, கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர்கள் இன்னொரு 111 பேர். இவர்களுக்கு வார்டு கிடையாது; உங்கள் பகுதிக்கு என்று கட்சி ஒதுக்கியவர் யாராவது இருப்பார். இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் குடியிருப்போர் சங்கத்தை ஒரு கட்சியின் வால் என்று முத்திரை குத்த அது ஒன்றே போதும்.

அடுத்தது மனு. மனுக்களைப் பெற்றுப் பரிசீலிக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அமைப்புமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்து, பெயர், தெரு ஆகியவை போதும். அடையாள எண் வாங்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பாதுகாக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் கோரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தாளைக் கழற்றிவிட்டு மிச்சத்தை "எதற்கோ போட்ட கையெழுத்து" என்று தள்ளிவிடலாம்.

மூன்றாவது, 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் தகவல் பெறும் உரிமைச் சட்டம். பாயா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். படிவம் 2-ஐ நிரப்பி, சிறிய கட்டணத்துடன் தகவல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும். 60 நாளுக்குள் உள்முறையீடு, அதன்பின் தகவல் ஒழுங்குமுறை அலுவலகம். "இந்தச் சாலை பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். "இந்தச் சந்திப்பில் 2019 முதல் 2024 வரை பதிவான விபத்துகளின் எண்ணிக்கை, நாள், நேரம், வகை" என்று கேளுங்கள்.

எண்ணிக்கை எடுக்கச் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது?

மூன்று பேர், ஒரு அட்டை, பென்சில். செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஏதாவது இரண்டு நாள். பள்ளி விடுமுறை, சம்பள நாள், மழை நாள் வேண்டாம். காலை 6:30–8:00, மதியம் 1:30–3:00. ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒரு வரி போடுங்கள். பிள்ளைகள், பெரியவர்கள், முதியவர்கள், சக்கர நாற்காலி அல்லது தள்ளுவண்டி, சைக்கிள் எனத் தனித்தனிக் கட்டம். சாலையோரம் நடப்பவர்களையும் குறுக்கே கடப்பவர்களையும் கலக்கக் கூடாது. ஓரமாக நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டும். குறுக்கே போகிறவர்களுக்குக் கடவை வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கொடுத்தால் பொறியாளருக்கு எதற்கும் உதவாது.

கடப்பவர்களை எண்ணும்போது வரைபடத்தில் கோடாகவும் போடுங்கள். எங்கே இறங்கி எங்கே ஏறுகிறார்கள் என்று பார்த்தால், அநேகமாக எல்லாக் கோடுகளும் மினிபஸ் டாக்ஸி நிற்கும் இடத்தில் வந்து குவியும். கடவையை 60 மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டு "மக்கள் பயன்படுத்துவதில்லை" என்று சொல்வது இந்த நாட்டில் சர்வசாதாரணம்.

பிள்ளைகளின் முகம் தெரியும் வீடியோவை இணையத்தில் போடாதீர்கள்.

வாகன வேகத்தை ராடார் இல்லாமல் அளக்க முடியுமா?

முடியும். ஃபோனில் ஸ்டாப்வாட்ச் போதும். நேரான இடத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விளக்குக் கம்பங்களே போதும், ஆனால் இடைவெளியை டேப் வைத்து அளக்க வேண்டும். 50 மீட்டரை 3 வினாடியில் கடந்தால் மணிக்கு 60 கி.மீ. 2.25 வினாடி என்றால் 80. 4.5 வினாடி என்றால் 40. விரல் 0.2 வினாடி தாமதித்தாலும் 60-க்கு அருகில் 4 கி.மீ. பிசகும். இடம் இருந்தால் 100 மீட்டர் எடுங்கள், பிசகு பாதியாகும். முன்னால் வண்டி இல்லாமல் தாராளமாக வரும் வாகனங்களை மட்டும், 100 எண்ணிக்கை வரை எடுத்து, வேகமானதிலிருந்து வரிசைப்படுத்தினால் 15ஆவது வண்டியின் வேகம் தோராயமாக 85 சதமான வேகம், அதாவது நூற்றுக்கு 85 வண்டிகள் தாண்டாத வேகம். சராசரியைவிட இந்த எண்ணைத்தான் பொறியாளர்கள் கேட்பார்கள். அட்டையும் கையுமாக வெளியே தெரியும்படி நிற்காதீர்கள். வண்டிகள் வேகத்தைக் குறைத்துவிடும்.

நகர்ப்புறத்தில் பொது வேக வரம்பு 60. ஓட்டுநர் சுதாரிக்க 1.5 வினாடி எடுப்பதாக வைத்தால், காய்ந்த சாலையில் 60-இல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். 40-இல் 25 மீட்டர் போதும். இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் நடந்து போனவர்கள். 60-க்கும் 40-க்கும் இடையிலான அந்த இருபது மீட்டரைக் கடிதத்தில் படமாகவே வரைந்து காட்டலாம்.

வேகத்தடை கேட்டால் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் அது எல்லா இடத்துக்கும் மருந்து அல்ல. ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி போன்ற ஆம்புலன்ஸ் பாதையில் துறை மறுக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. செங்குத்தான தெருவில் மேடு போட்டால் இறக்கத்தில் வரும் பஸ்ஸின் அடிப்பாகம் இடிக்கும். நம் குன்றுத் தெருக்களில் இது பெரிய தலைவலி. மேட்டை ஓரக்கல் வரை கொண்டுபோய் முட்டவைத்தால் கோடை மழைத் தண்ணீர் தேங்கி எதிர்வீட்டு வாசலுக்குள் போகும். ஓரத்தில் வடிகாலுக்கு இடைவெளி விட்டிருக்கிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

பள்ளி வாசலுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது உயர்த்திய கடவை. நடைபாதை மட்டத்துக்கே சாலையை ஏறக்குறைய 100 மி.மீ. தூக்கி, மேலே கடவைக் கோடு போடுவது. பிள்ளைகள் இறங்கி ஏற வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்கும். பஸ் போகும் தெருவானால் ஏறுசரிவு 1.5 முதல் 2 மீட்டர் நீளமும், மேல்தளம் 6 மீட்டரும் கேளுங்கள். பஸ் ஓட்டுநரும் சண்டைக்கு வர மாட்டார்.

நான்கு வழிச் சாலையில் வெறும் ஜீப்ரா கோடு ஆபத்து. ஒரு வண்டி நின்று வழிவிடும். அதன் மறைவிலிருந்து வெளியே வரும் பிள்ளையை அடுத்த வழியில் வரும் டாக்ஸி பார்க்காது. அங்கே சிக்னல், நாம் ரோபோ என்போமே, அது வேண்டும். முடியாவிட்டால் சாலையை ஒரு பக்கத்துக்கு ஒரு வழியாகச் சுருக்கி நடுத்திட்டு போட வேண்டும். நடுத்திட்டின் அகலம் 2 மீட்டருக்குக் குறைந்தால் சைக்கிளோ தள்ளுவண்டியோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நின்று வழிவிடும் கோட்டைக் கடவையிலிருந்து சில மீட்டர் பின்னால் போட்டால் பார்வை திறக்கும். சிக்னல் நேரத்தையும் கணக்கிட்டுக் கேளுங்கள்: 14 மீட்டர் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 வினாடியில் கடப்பார். கோலூன்றி வரும் ஆயாவுக்கு வினாடிக்கு 0.8 மீட்டர் என்றால் 17.5 வினாடி வேண்டும்.

விளக்குக் கம்பம் கடவைக்கு நேர் மேலே இருந்தால் ஆள் நிழலுருவாகத்தான் தெரிவார். வண்டி வரும் திசையில் கொஞ்சம் முன்னதாக இருக்க வேண்டும்.

காத்திருக்காமல் நாமே பெயின்ட் அடித்துவிடலாமா?

கூடாது. அதிகாரமில்லாமல் சாலைக் குறியீடு போடுவது 1996ஆம் ஆண்டின் 93ஆம் எண் தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி தப்பு. அதைவிட, பிள்ளைகள் அதை நம்பிக் கால் வைப்பார்கள். ஓட்டுநருக்கோ அந்தப் போலிக் கோட்டில் வழிவிடும் சட்டக் கடமை இருக்காது. பள்ளி நிர்வாகம் மாணவர் சாலைக் காவல் அணிக்கு விண்ணப்பிக்கலாம். சட்டப்படி அது வண்டியை நிறுத்த முடியும்.

நடைபாதை வரைபடம் கையில் வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

அகலத்தைக் கம்பங்களை விட்டுவிட்டு அளக்க வேண்டும். 1.8 மீட்டர் என்று எழுதியிருக்கும். நடுவில் மின்கம்பம், அதன் பக்கத்தில் குப்பை வைக்கும் இடம், மிஞ்சுவது 70 செ.மீ. சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 90 செ.மீ. வேண்டும், எதிரெதிரே இரண்டு வந்தால் 1.8 மீட்டர். சரிவுப் பாதை 12 மீட்டருக்கு 1 மீட்டரைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. கட்டடங்களுக்கான எஸ்.ஏ.என்.எஸ். 10400 தரத்தின் எஸ் பகுதி இதைச் சொல்கிறது. நடைபாதைக்கும் அதையே அளவுகோலாக வைத்துப் பேசுங்கள். தேசியப் போக்குவரத்துத் துறை மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது; வடிவமைப்பாளர் அதைப் பின்பற்றினாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

இரும்புச் சாமான் எதுவும் தங்காது. கைப்பிடிக் கம்பி, வாய்க்கால் மூடி, தடுப்புக் கம்பம் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். தடுப்புக்குக் கான்கிரீட், மூடிக்குக் கான்கிரீட் அல்லது பாலிமர் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாலையோர வடிகால் கம்பிகள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும்; குறுக்காக இருக்க வேண்டும்.

மேடும் பள்ளமுமான நம் ஊரில் சைக்கிள் பாதை வீண் செலவல்லவா?

வீண் செலவாக்கவும் முடியும். ஹிக்கின்சன் நெடுஞ்சாலை போன்ற வேகச் சாலையின் ஓரத்தில் வெறும் வெள்ளைக்கோடு போட்டுவிட்டால் யாரும் ஓட்ட மாட்டார்கள், டாக்ஸிதான் நிற்கும். மேட்டு முதுகுகளின் மேல் ஓடும் தெருக்களும் ஓடைப் பள்ளத்தாக்குகளும் ஓரளவு சமமாகப் போகும். ஒன்றிலிருந்து மற்றதற்கு இறங்குவதுதான் கஷ்டம். முதலில் சமமான 1 முதல் 2 கி.மீ. துண்டை, பள்ளியையோ நிலையத்தையோ இணைக்கும்படி கேளுங்கள். ஏற்றத்தில் சைக்கிள் மெதுவாகத் தள்ளாடும் என்பதால், இடம் ஒரு பக்கத்துக்குத்தான் உண்டென்றால் ஏறும் பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

"எல்லாச் சாலைக்கும் தார் போட்ட பிறகு சைக்கிள் பாதை பார்ப்போம்" என்ற வாதமும் வரும். 2016-இல் ஜோகன்னஸ்பர்க் மேயராகப் பொறுப்பேற்ற ஹெர்மன் மஷாபா அப்படித்தான் சொல்லி அந்தச் செலவை நிறுத்தினார். இதற்கு எங்கள் பதில்: சைக்கிளை நடையிலிருந்து பிரித்துக் கேட்காதீர்கள். 3 மீட்டர் அகலத்தில் இருவருக்கும் பொதுவான பாதை கேட்டால், சைக்கிளே இல்லாத வீட்டுக்காரரும் அதில் நடப்பார். புளூ லகூனிலிருந்து பாயின்ட் வரை ஏறத்தாழ 8 கி.மீ. ஓடும் கடற்கரை நடைபாதையைப் பாருங்கள். சைக்கிள், நடை, ஓட்டம் எல்லாம் கலந்து ஓடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உலாவுவதற்கான அந்த இடத்தைக் காட்டி, வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வழியைக் கேட்டால் எடுபடாது.

ஹெல்மெட் கட்டாயமா? 

ஆம், சைக்கிளுக்கும் கட்டாயம்.

பூங்கா நிலத்தை விற்கப் போவதாகப் பேச்சு. தடுக்க முடியுமா?

முதலில் அது உண்மையிலேயே பூங்காவா என்று பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டு குரூப் ஏரியாஸ் சட்டத்தின்பின் வகுக்கப்பட்ட நம் குடியிருப்புகளில் பல திறந்தவெளிகள் ஒருநாளும் பூங்காவாக அமைக்கப்படவில்லை. இடையில் விடப்பட்ட துண்டு நிலங்கள்தான். பதிவேட்டில் பொதுத் திறந்தவெளி, பள்ளி மனை, சாலைக்கு ஒதுக்கியது, வழிபாட்டு மனை என்று எதுவாகவும் இருக்கலாம். மனை எண்ணைக் கொண்டு மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் அதன் மண்டலத்தை, அதாவது நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்பதைப் பார்க்கலாம். அது டர்பன் பெருநகரத் திறந்தவெளி அமைப்பான டிமோஸின் பச்சைக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். வந்தால் சுற்றுச்சூழல் பிரிவின் கருத்து இல்லாமல் கட்டுமானம் நகராது.

விற்பனைக்கு நிதி மேலாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அடிப்படைச் சேவைக்கு அந்த நிலம் தேவையில்லை என்று மன்றம், பொதுமக்கள் இருக்கக்கூடிய கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். மண்டல மாற்றத்துக்கு 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் நிலப் பயன்பாட்டுச் சட்டமும் மாநகராட்சியின் துணைவிதிகளும். வேலியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், செய்தித்தாளிலும் வரும். கடைசித் தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதித்த ஆட்சேபம் எவ்வளவு நியாயமானாலும் செல்லாது.

ஒரே கடிதத்தை நகலெடுத்து 300 பேர் அனுப்புவது ஒரு கடிதத்துக்குச் சமம் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மழைநீர் எங்கே போகும் என்று எழுதட்டும். பள்ளி, விளையாட்டு வகுப்பு எங்கே நடக்கும் என்று எழுதட்டும். முதியோர் சங்கம், அடுத்த பூங்கா எத்தனை மீட்டர் என்று நடந்து அளந்து எழுதட்டும். "இங்கே வீடு வரக் கூடாது, அவர்கள் வரக் கூடாது" என்ற வாடை அடிக்கும் ஆட்சேபம் முழு வழக்கையும் கெடுக்கும். வீடில்லாதவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். வீடு கட்ட ஏற்ற வேறு மனையைச் சுட்டிக்காட்ட முடிந்தால் உங்கள் வாதம் நிற்கும்.

ஓடைக்கரையில் நாங்களே பாதை வெட்டலாமா?

கையால் புல் வெட்டுவது வேறு, சிமென்ட் போடுவது வேறு. 2014 சுற்றுச்சூழல் தாக்க விதிகளின்படி, நீரோட்டத்திலோ அதிலிருந்து 32 மீட்டருக்குள்ளோ 100 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானம் வந்தால், அல்லது நீரோட்டத்தில் 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டினால், எடுத்தால், அனுமதி தேவைப்படலாம். 1.5 மீட்டர் அகலப் பாதை 67 மீட்டர் நீண்டாலே 100 சதுர மீட்டர் தாண்டிவிடும். உம்ஹ்லதுசானா ஆற்றோரம் யோசிப்பவர்கள் முதலில் இதைக் கணக்குப் பாருங்கள். தண்ணீர்ச் சட்ட அனுமதி தனி.

என்ன மரம் நடலாம்?

நாவல் மரம்தான் எல்லோருக்கும் ஆசை. குவாசுலு-நட்டாலில் அது ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது, நடக் கூடாது. அதே குடும்பத்தின் உள்ளூர் மரமான உம்டோனி நடுங்கள், ஈர நிலத்தில் நன்றாக வரும், பழமும் உண்டு. நடைபாதையிலிருந்து தள்ளியே நட வேண்டும். அத்திவகை மரங்களைப் பாதையோரம் வைத்தால் வேர் கல்லைத் தூக்கிவிடும். சில்வர்கிளென் நாற்றங்காலில் உள்ளூர்ச் செடிகள் பற்றி விசாரிக்கலாம்.

திருவிழாவுக்குக் கார் நிறுத்தப் பூங்காவைக் கேட்கிறார்கள்.

சங்கடமான கேள்வி, கேட்பவர்களும் நம் சொந்தக்காரர்கள்தான். நாள் கணக்கில் தற்காலிக அனுமதி, மழை பெய்தால் ரத்து, பின்னர் புல்லைச் சீராக்குவது கோயில் பொறுப்பு என்று எழுத்தில் போட்டுக்கொண்டால் சரி. "ஒரே ஒரு தடவை ஜல்லி கொட்டிக்கொள்கிறோம்" என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கப்புறம் அது வாகன நிறுத்தம்தான்.

கோயில்கள் இந்த விஷயத்தில் பெரிய பலமும்கூட. தைப்பூசக் காவடி வருவது டர்பனின் கொதிக்கும் ஜனவரி, பிப்ரவரியில். வெறுங்காலோடு நடக்கும் வழியில் கண்ணாடித் துண்டு, உடைந்த ஓரக்கல், நிழலில்லாத தார் எங்கெங்கே என்று காவடிக் குழுவுக்கு அத்துப்படி. அந்தப் பட்டியலை முந்தைய செப்டம்பரிலேயே துறைக்குக் கொடுங்கள்.

ஆர்ப்பாட்டம் செய்ய அனுமதி வேண்டுமா?

15 பேர் வரை ஓரமாக நின்று அட்டை பிடிக்க முன்னறிவிப்பு வேண்டாம். அதற்கு மேல் என்றால் 1993ஆம் ஆண்டின் 205ஆம் எண் கூட்டங்கள் சட்டப்படி 7 நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும். 48 மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் தடை விதிக்கலாம். அறிவிக்கத் தவறியதையே குற்றமாக்கிய பிரிவை 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதற்காக அறிவிப்பைத் தவிர்க்காதீர்கள்.

டாக்ஸிக்காரர்களும் தெருக்கடைக்காரர்களும் எதிர்த்தால்?

வரைபடம் வருவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். டாக்ஸி நிறுத்தத்தை எடுத்துவிட்டு நடைபாதை போட்டால் அது நாலே நாளில் திரும்ப நிறுத்தமாகும். நிறுத்தத்துக்கு ஒரு உள்வாங்கிய இடம் கேட்டால் அவர்களும் கையெழுத்திடுவார்கள். கடைக்காரருக்கு நடப்பவர்தான் வாடிக்கை. கடைக்கு 1.2 மீட்டர், நடைக்கு 1.8 மீட்டர் என்று கோடு போட்டால் ஒத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

வேலை முடிந்துவிட்டது. இனி என்ன?

ஒப்பந்தத்தில் குறைபாடு நிவர்த்திக் காலம் என்று ஒன்று இருக்கும், பல ஒப்பந்தங்களில் 12 மாதம். அதற்குள் தெரியும் குறைகளை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது முடிந்தபின் பராமரிப்பு மாநகராட்சியின் தலையில், அதாவது வரிசையின் கடைசியில். வேலை முடிந்த தேதியைத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் பெருமழை முடிந்த மறுநாள் டேப்போடு நடந்து, தண்ணீர் நிற்கும் இடம், ஆடும் கல், ஓரக்கல்லுக்கும் சாலைக்கும் நடுவே 20 மி.மீ.க்கு மேல் படி நிற்கும் சரிவு, அழிந்துபோன கோடு இவற்றைப் படத்தோடு குறியுங்கள். பத்தாவது மாதத்தில் இன்னொரு முறை நடந்து, இரண்டு பட்டியலையும் சேர்த்து, பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் ஒரே நாளில் அனுப்பி, குறிப்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.